மூன்று மாதத்தில் தொழில் மாறுமா?



"கம்ப்யூட்டரே தெரியாதவரா? கவலை வேண்டாம். மூன்றே மாதத்தில் சாப்ட்வேர் இன்ஜினியர்!" இப்படி ஒரு விளம்பரத்தைப் பார்க்காதவர் நம் கல்லூரியில் ஒருவர்கூட இருக்க முடியாது. செல்போனைத் திறந்தால் வருகிறது. பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒட்டியிருக்கிறது. நம் ஹாஸ்டலில் இரவு பத்து மணிக்கு மேல் பாடத்தைவிட அதிகமாகப் பேசப்படுவது இதுதான் என்றால் அது மிகையாகாது. "மெக்கானிக்கல்ல என்னடா இருக்கு? பேசாம கோடிங் பக்கம் போயிரலாம்" என்று ஒரு தடவையாவது சொல்லாத நண்பன் யார்? நானும் சொன்னவன்தான். சொன்னதோடு நிற்காமல் போய்ப் பார்த்துவிட்டும் வந்தேன்.

2025 கோடை விடுமுறையில், தேர்வு முடிந்த மறு வாரமே, கோயம்புத்தூரில் ஆறு வாரம் நடந்த ஒரு கோடிங் முகாமில் சேர்ந்தேன். இதைத்தான் 'பூட்கேம்ப்' என்கிறார்கள். வேறு தொழிலில் இருப்பவர்கள் குறுகிய காலத்தில் மென்பொருள் தொழிலுக்கு மாறுவதற்கான தீவிரப் பயிற்சி இது.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவனே. அப்பா குமாரபாளையத்தில் விசைத்தறி ஓட்டுகிறார். அம்மா அதே பட்டறையில் தார் சுற்றுகிறார். "இதுல சேரலாமா, வேண்டாமா?" என்று கேட்க எங்கள் சொந்தத்தில் ஆள் கிடையாது. நம்மில் பலருடைய நிலையும் இதுதான். ஆகவே நான் கேட்டும், படித்தும், பட்டும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

பூட்கேம்ப் என்றால் என்ன?

'பூட்கேம்ப்' என்பது ராணுவச் சொல். அமெரிக்க ராணுவத்தில் புதிதாகச் சேர்பவரைச் சில வாரங்கள் ஒரே இடத்தில் வைத்து, காலை முதல் இரவு வரை வாட்டி எடுத்து, சிப்பாயாக்கி அனுப்பும் முகாமுக்கு அந்தப் பெயர். அதையே கம்ப்யூட்டர் தொழிலுக்கும் வைத்துவிட்டார்கள்.

2012-ல் சான்பிரான்சிஸ்கோ நகரில் 'டெவ் பூட்கேம்ப்' என்ற நிறுவனம் தொடங்கியது. இவ்வகை முகாம்களில் முதன்மையானவற்றுள் ஒன்று அது. ஸ்மார்ட்போன் பரவிய காலம் அது. ஒவ்வொரு கடைக்கும் ஒவ்வொரு கம்பெனிக்கும் இணையதளமும் ஆப்பும் தேவைப்பட்டன. எழுதித்தர ஆள் போதவில்லை. "ஒரு இணையதளம் கட்டுவதற்கு நாலு வருடப் பட்டப்படிப்பு முழுவதும் வேண்டுமா? அன்றாட வேலைக்குத் தேவையானதை மட்டும் சில மாதத்தில் கற்றுக்கொடுத்தால் என்ன?" என்ற கேள்வியில் பிறந்ததுதான் இந்த முறை.

பாரிஸ் நகரில் இன்னொரு விதம். 2013-ல் சேவியர் நீல் என்ற தொழிலதிபர் '42' என்ற பெயரில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். அங்கே ஆசிரியர் இல்லை, கட்டணமும் இல்லை! சேர விரும்புகிறவர்களை முதலில் நான்கு வாரம் ஒரு சோதனையில் தள்ளுவார்கள். அதற்குப் பெயர் பிரெஞ்சு மொழியில் 'நீச்சல் குளம்'. கிணற்றில் தள்ளி நீச்சல் பழக்குகிற நம் ஊர் வழக்கம்தான்! தத்தளித்து மேலே வருகிறவர்களுக்கே இடம்.

இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அமெரிக்க முகாம்களில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே ஒரு பட்டமும் சில வருட வேலை அனுபவமும் உள்ளவர்கள். பள்ளி ஆசிரியர், கணக்கர், இசைக் கலைஞர் என்று ஒரு தொழிலில் இருந்து இன்னொன்றுக்கு வந்தவர்கள். வெறுங்கையோடு வந்தவர்கள் அல்ல. நம்மூர் விளம்பரங்கள் இந்தச் செய்தியை மட்டும் சொல்வதே இல்லை.

பதினான்கு பக்கக் காகிதம்

நான் முதலில் போனது வேறொரு இடம். அவர்கள் சொன்னது காதில் தேன் மாதிரி இருந்தது. "இப்ப ஒரு பைசா தர வேண்டாம். வேலை கிடைச்சதும் சம்பளத்துல இருந்து குடுத்தா போதும்." எனக்கு அப்போது 18 நிரம்பவில்லை. எனவே அப்பா கையெழுத்து வேண்டும் என்றார்கள். அப்பா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தார். ஆங்கிலத்தில் பதினான்கு பக்கம். அப்பாவுக்குத் தன் பெயரை எழுத மட்டும்தான் தெரியும். பேனாவை வாங்கி, "எங்க போடோணுங்க?" என்றார்.

எனக்கு என்ன தோன்றியதோ தெரியவில்லை. "இருங்கப்பா. ஒரு நாள் டைம் கேட்டுக்கலாம்" என்றேன். "இன்னைக்குத்தான் கடைசி நாள், நாளைக்கு இந்த ஆபர் இல்ல" என்றார் அங்கிருந்தவர். அதைக் கேட்டதும் எனக்குச் சந்தேகம் கூடியது. பக்கங்களைச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்து, நம் துறை ஆசிரியர் ஒருவரிடம் காட்டினேன். அவர் தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் வரிவரியாகப் படித்துச் சொன்னார்.

அதில் இருந்தவை இவை: கட்டணம் 1,20,000 ரூபாய். அதை ஒரு பைனான்ஸ் கம்பெனி அப்பா பெயரில் கடனாக முகாமுக்கு முன்கூட்டியே கொடுத்துவிடும். வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் இரண்டாம் மாதத்திலிருந்து தவணை தொடங்கும். சேர்ந்து ஏழு நாள் கழித்து நின்றாலும் முழுத்தொகையும் கட்ட வேண்டும்.

வீட்டில் போய்ச் சொன்னேன். அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நாலெழுத்துத் தெரிஞ்சவன் ஒருத்தன் வீட்டுல இருந்தா தப்பிச்சுக்கலாமாட்ட இருக்குது" என்றார். எனக்கு இதுவரை யாரும் கொடுத்த எந்தச் சான்றிதழும் அந்த வார்த்தைக்கு ஈடாகாது.

இது நம்மூரில் மட்டும் நடப்பதல்ல. 'வேலை கிடைத்த பிறகு சம்பளத்தில் பங்கு' என்ற திட்டத்தால் அமெரிக்காவில் புகழ் பெற்றது 2017-ல் தொடங்கிய லாம்டா ஸ்கூல். பிறகு புளூம்டெக் என்று பெயர் மாற்றிக்கொண்டது. 2024 ஏப்ரலில் அந்நாட்டு நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு அதன்மீது நடவடிக்கை எடுத்தது. 'கடன் அல்ல' என்று சொல்லிக் கொடுத்தது உண்மையில் கடன்தான் என்றும், 71 முதல் 86 சதவீதம் பேருக்கு வேலை என்று விளம்பரம் செய்தபோது நிறுவனத்தின் உள் கணக்கில் அது 50 சதவீதத்தை ஒட்டியே இருந்தது என்றும், சில குழுக்களில் 30 வரைகூட இறங்கியது என்றும் அந்த அமைப்பு கூறியது. இனி மாணவர்களுக்குக் கடன் கொடுக்கவே கூடாது என்று தடையும் விதித்தது.

அதற்கு முன்பே, 2017-ல், நியூயார்க்கின் பிளாட்அயர்ன் ஸ்கூல் தன் விளம்பரம் தொடர்பான புகாரில் மாநில அரசு வழக்கறிஞருடன் 3,75,000 டாலர் கொடுத்து உடன்பாடு செய்துகொண்டது. அவர்கள் சொன்ன வேலைவாய்ப்பு விகிதம் 98.5 சதவீதம். தற்காலிகப் பயிற்சி வேலைக்கும் சில்லறை ஒப்பந்த வேலைக்கும் போனவர்களையும் சேர்த்த கணக்கு அது என்பது விளம்பரத்தில் தெளிவாக இல்லை. ஆகவே ஒரு சதவீதத்தைக் கேட்டதும் மயங்கக் கூடாது. 'எதை வேலை என்று எண்ணினீர்கள்?' என்று கேட்க வேண்டும்.

இரண்டாவதாக நான் போய்ச் சேர்ந்த முகாம் சிறியது. கட்டணம் 18,000 ரூபாய், இரண்டு தவணை, ஒரே பக்க ரசீது. அம்மா தன் தோட்டைக் கழற்றி அடகு வைத்தார். "ரெண்டு மாசந்தானே கண்ணு, திருப்பிக்கலாம்" என்றார். சிங்காநல்லூரில் அத்தை வீட்டில் தங்கிக்கொண்டு காந்திபுரத்துக்கு பஸ்ஸில் போய்வந்தேன்.

ஒரு நாள் எப்படிப் போகும்?

காலை 9 மணிக்கு ஆரம்பம். முதல் ஒன்றரை மணி நேரம் மட்டும் பாடம். அதற்குப் பிறகு முழுவதும் கைவேலைதான். இரண்டு இரண்டு பேராக ஒரு கம்ப்யூட்டர் முன் உட்கார வேண்டும். ஒருவர் தட்டச்சு செய்ய, மற்றவர் பக்கத்தில் இருந்து யோசித்துச் சொல்ல வேண்டும். அரை மணிக்கு ஒரு தடவை இடம் மாற வேண்டும். மாலை 6 மணிக்கு அன்று செய்ததை எல்லோர் முன்பும் நின்று விளக்க வேண்டும். 7 மணிக்கு விடுவார்கள். வாரத்தில் ஆறு நாள். ஆக ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம், ஆறு வாரத்துக்கு 360 மணி நேரம்.

எங்கள் குழுவில் 22 பேர். நான்தான் சிறியவன். வால்வு கம்பெனியில் தர ஆய்வாளராக எட்டு வருடம் இருந்த 31 வயது அண்ணன் ஒருவர். பி.காம். முடித்து ஆடிட்டர் அலுவலகத்தில் ஜி.எஸ்.டி. கணக்குப் பார்த்து, குழந்தை பிறந்ததும் நின்றுவிட்டு, மறுபடி வேலை தேடும் அக்கா ஒருவர். மருந்துக் கம்பெனி விற்பனைப் பிரதிநிதி ஒருவர். பி.இ. முடித்துவிட்டு வேலை கிடைக்காதவர்கள் ஏழெட்டுப் பேர். ஒவ்வொருவர் பின்னாலும் ஒரு வீடு காத்துக்கொண்டிருந்தது. வால்வு கம்பெனி அண்ணன் மதியச் சாப்பாட்டு நேரத்தில் மாடிப்படியில் நின்று தன் மகளிடம் போனில் பேசுவார். "அப்பா பள்ளிக்கூடத்துல இருக்கேன் சாமி" என்பார்.

இரண்டாவது வாரத்தில் ஐந்து பேர் நின்றுவிட்டார்கள். அவர்கள் அறிவில் குறைந்தவர்கள் அல்லர். ஒரு நாள் விட்டால் அடுத்த நாள் புரியாது, இரண்டு நாள் விட்டால் பிடிக்கவே முடியாது. காய்ச்சலுக்குக்கூட இடமில்லாத வேகம் அது. முகாமின் பலமும் இந்த வேகம்தான், பலவீனமும் இதுதான்.

என்ன கற்றுத் தருவார்கள்?

நமக்குப் புரியும்படி ஒர்க்‌ஷாப் பாஷையில் சொல்கிறேன். இணையப் பக்கம் ஒன்றை மிஷின் என்று வைத்துக்கொள்ளுங்கள். எச்.டி.எம்.எல். என்பது அதன் வார்ப்பு, அதாவது பாடி. சி.எஸ்.எஸ். என்பது அதன் பினிஷிங்கும் பெயிண்டும். ஜாவாஸ்கிரிப்ட்தான் மோட்டார், பட்டனை அமுக்கினால் ஏதாவது நடக்க வேண்டுமென்றால் அது வேண்டும். பிரெண்டன் ஐக் என்பவர் 1995-ல் பத்தே நாளில் அதன் முதல் வடிவத்தை எழுதினார். டேட்டாபேஸ் என்பது ஸ்டோர் ரூம். 'கிட்' என்பது வேலைப் பதிவேடு. யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்று குறித்துக்கொள்ளும். தவறாகிப் போனால் பழைய நிலைக்குத் திரும்பலாம். லினக்ஸைத் தந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் உருவாக்கியது இது.

சி.என்.சி. லேப் பார்த்த நமக்குப் புரோகிராம் புதிதல்ல. ஜி00 என்றால் வேகமாக நகர், ஜி01 என்றால் வெட்டிக்கொண்டே நேர்கோட்டில் நகர், எம்03 என்றால் ஸ்பிண்டிலைச் சுற்று, எம்30 என்றால் முடி. வரிசையாகக் கட்டளை கொடுப்பதுதான் புரோகிராம். கோடிங்கில் அதோடு இரண்டு விஷயம் கூடுதலாகப் பழக வேண்டும்: 'இப்படி இருந்தால் இதைச் செய், இல்லாவிட்டால் அதைச் செய்' என்பது ஒன்று, 'இது தீரும்வரை திரும்பத் திரும்பச் செய்' என்பது இன்னொன்று. மற்றதெல்லாம் இவற்றின் மேல் கட்டியதே.

என் முதல் புரோகிராம் அப்பாவின் கூலிக் கணக்கு. எத்தனை மீட்டர், மீட்டருக்கு எவ்வளவு, பிடித்த அட்வான்ஸ் எவ்வளவு என்று போட்டால் வாரக் கூலி வர வேண்டும். ஒரு தறிக்குத் திங்கட்கிழமை 24 மீட்டர், செவ்வாய்க்கிழமை 22 மீட்டர் போட்டேன். மொத்தம் 46 வரவேண்டிய இடத்தில் 2422 மீட்டர் என்று வந்தது! ஆர்வத்தில் அன்று மாலையே போனில் வீட்டுக்குச் சொல்லிவிட்டேன். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "அடேய், ரெண்டு நாள்ல இத்தன ஓட்டுனா தறியே தீப்பிடிச்சிருமேடா!"

காரணம் என்ன? திரையில் உள்ள கட்டத்தில் நாம் அடிப்பதை ஜாவாஸ்கிரிப்ட் எண்ணாக எடுத்துக்கொள்வதில்லை, எழுத்தாக எடுத்துக்கொள்கிறது. எழுத்துகளுக்கு நடுவில் கூட்டல் குறி போட்டால் கூட்டாது, ஒட்டும். 24-ஐயும் 22-ஐயும் ஒட்டினால் 2422. முதலில் அதை எண்ணாக மாற்றிவிட்டுத்தான் கூட்ட வேண்டும். இந்த ஒரு வரியைக் கண்டுபிடிக்க எனக்கு நாலு மணி நேரம் ஆயிற்று. ஆனால் தப்பு நடந்தது என்று எனக்கு உடனே சொன்னது யார் என்று யோசித்துப் பாருங்கள். கம்ப்யூட்டர் ஒன்றும் சொல்லவில்லை. அது பேசாமல் 2422 என்று காட்டிவிட்டு நின்றது. தறியைத் தெரிந்த ஒருவருக்குத்தான் அந்த எண் நடக்காத எண் என்று தெரிந்தது!

தறியிலிருந்து வந்த கம்ப்யூட்டர்

இந்த இடத்தில் ஒரு சிறு வரலாறு. 1804-ல் பிரான்ஸ் நாட்டு லியோன் நகரில் ஜக்கார்டு என்பவர் பூ வேலை நெய்ய ஒரு தறி அமைப்பைச் செய்தார். துளையிட்ட அட்டைகள் வரிசையாக ஓடும். துளை உள்ள இடத்தில் பாவு நூல் மேலே எழும். துளை இல்லாத இடத்தில் எழாது. அட்டையை மாற்றினால் டிசைன் மாறிவிடும், தறியை மாற்ற வேண்டியதில்லை. 1830-களில் இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ் தன் கணக்கு இயந்திரத் திட்டத்துக்கு இந்த அட்டை முறையையே எடுத்துக்கொண்டார். 1890-ல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கை ஹாலரித் என்பவரின் துளை அட்டை இயந்திரங்களே எண்ணின. அந்த வழியில் வந்ததுதான் இன்றைய கம்ப்யூட்டர்.

நம் பக்கத்தில் இளம்பிள்ளைச் சேலைத் தறியைப் பார்த்தவர்களுக்கு அந்த 'ஜக்காடு பெட்டி' தெரியும். இதை நான் அப்பாவிடம் சொன்னபோது, "அப்ப நாங்களுந்தான் கம்ப்யூட்டர் ஓட்டியிருக்கோம்" என்றார். விளையாட்டாகச் சொன்னதுதான். ஆனால் நான் வந்த தொழிலுக்கும் போக நினைத்த தொழிலுக்கும் நடுவில் நான் நினைத்த அளவு பெரிய சுவர் இல்லை என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

யார் கரையேறினார்கள்?

கடைசி வாரம் எல்லோரும் ஒரு புராஜெக்ட் செய்து காட்ட வேண்டும். பெரும்பாலோர் யூடியூபைப் பார்த்து ஒரே மாதிரி செய்தார்கள்: சினிமா டிக்கெட் பக்கம், செய்ய வேண்டிய வேலைப் பட்டியல். பார்க்க அழகாகத்தான் இருந்தன.

வால்வு கம்பெனி அண்ணன் செய்தது பார்க்கச் சுமாராகத்தான் இருந்தது. வால்வில் தண்ணீர் அழுத்தச் சோதனை செய்தால் எத்தனை நிமிடம் அழுத்தம் நிற்க வேண்டும், எங்கே கசிந்தால் எந்தப் பகுதியைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பதைப் பதிவு செய்து ரிப்போர்ட் எடுத்துத் தரும் புரோகிராம் அது. பி.காம். அக்கா செய்தது, கடைக்காரர் தரும் பில்லில் வரி விகிதம் தவறாக இருந்தால் காட்டிக்கொடுக்கும் ஒரு பக்கம்.

முடித்த 17 பேரில் எனக்குத் தெரிந்து ஐந்து மாதத்துக்குள் மென்பொருள் வேலைக்குப் போனவர்கள் நான்கே பேர். அந்த நால்வரில் இவர்கள் இருவரும் உண்டு. அண்ணன் தொழிற்சாலைகளுக்கு மென்பொருள் செய்யும் ஒரு சிறிய கம்பெனியில் சேர்ந்தார். அக்கா பில்லிங் மென்பொருளைச் சோதிக்கும் வேலையில் இருக்கிறார். நேர்முகத் தேர்வில் கோடிங் கேள்வியில் பாதிக்குத்தான் பதில் சொன்னேன் என்றார் அண்ணன். மீதி நேரம் முழுவதும் சோதனைக் கூடத்தில் நடப்பதைத்தான் அவர்கள் இவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்களாம்!

எங்களில் நன்றாகக் கோடிங் எழுதியவர் வேறொருவர். பி.இ. மெக்கானிக்கல். "மெக்கானிக்கலை மறந்துட்டேன்" என்று பெருமையாகச் சொல்வார். நான் இதை எழுதும்வரை அவருக்கு அழைப்பு வரவில்லை. அவர் மேல் குற்றமில்லை. காலம் மாறிவிட்டது. 2022 நவம்பரில் மெட்டா நிறுவனம் 11,000 பேரையும், 2023 ஜனவரியில் கூகுள் 12,000 பேரையும் குறைப்பதாக அறிவித்தன. அனுபவசாலிகளே வெளியில் நிற்கும்போது புதியவருக்கு வரிசை நீண்டுவிடுகிறது. 2022 நவம்பரில் வந்த சாட்ஜிபிடியும் அதன் பின்னால் வந்தவையும் எளிய புரோகிராமை நொடியில் எழுதித் தந்துவிடுகின்றன. இந்த முறையைத் தொடங்கி வைத்த டெவ் பூட்கேம்ப்பே 2017 டிசம்பரில் மூடப்பட்டுவிட்டது. அதே ஆண்டு தி அயர்ன் யார்டு என்ற இன்னொரு பெரிய முகாமும் மூடியது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் பெயரில் முகாம் நடத்திவந்த டூயு நிறுவனம் 2024 டிசம்பரில் அவற்றைக் கைவிடுவதாக அறிவித்தது.

ஆக, நான் கண்டது இதுதான். கோடிங் மட்டும் தெரிந்தவர்கள் நிறையப் பேர் வந்துவிட்டார்கள். எந்த இடத்தில் என்ன கோளாறு வரும் என்று தெரிந்து, அதற்குக் கோடிங்கைப் பயன்படுத்தத் தெரிந்தவர்கள் குறைவு. பழைய தொழிலைத் தூக்கி எறிந்துவிட்டு வந்தவரைவிட, அதைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தவர்தான் கரையேறினார்.

கையெழுத்துக்கு முன்

முகாமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தவறைக் கண்டு பயப்படாமல் உட்கார்ந்து தேடும் பழக்கத்தை எனக்குக் கொடுத்தது அதுதான். ஆனால் சேரும் முன் இவற்றைப் பாருங்கள்:

1. 'வேலை கிடைத்த பிறகு பணம்' என்றால், கடன் யார் பெயரில், யார் கொடுப்பது, தவணை எந்தத் தேதியில் தொடங்கும் என்று எழுத்தில் கேளுங்கள்.

2. நடுவில் நின்றால் எவ்வளவு கட்ட வேண்டும் என்று பாருங்கள். காய்ச்சலும் குடும்ப விசேஷமும் சொல்லிக்கொண்டு வருவதில்லை.

3. சென்ற குழுவில் சேர்ந்தவர் எத்தனை, முடித்தவர் எத்தனை, ஆறு மாதத்தில் நிரந்தர வேலைக்குப் போனவர் எத்தனை என்று மூன்று எண்களையும் தனித்தனியாகக் கேளுங்கள். ஒரே ஒரு சதவீதத்தைச் சொன்னால் ஏற்காதீர்கள்.

4. முடித்தவர்களில் வேலை கிடைக்காத ஒருவரைத் தேடிப் பேசுங்கள். கிடைத்தவரை அவர்களே அழைத்து வந்து காட்டுவார்கள்.

5. "இன்றே கடைசி நாள்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

6. வீட்டில் ஆங்கிலம் படிப்பவர் இல்லையென்றால் காகிதத்தை நம் ஆசிரியர்களிடம் கொண்டுவாருங்கள். கேட்க வெட்கப்பட வேண்டாம். கேட்காமல் கையெழுத்துப் போடுவதுதான் வெட்கம்.

7. முதலில் இலவசமாகப் பழகிப் பாருங்கள். நான் முகாமில் செலவிட்டது 360 மணி நேரம். தினம் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் ஆறே மாதத்தில் அதே 360 மணி நேரம் வந்துவிடும். 2022 மார்ச் 1 அன்று தமிழக அரசு தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தின் பயிற்சிகள் உள்ளன. பம்பாய் ஐ.ஐ.டி.யின் 'ஸ்போக்கன் டுடோரியல்' பாடங்கள் பல தமிழிலேயே கிடைக்கின்றன. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் 'சி.எஸ்.50' பாடத்தையும், 'பிரீகோட்கேம்ப்' பாடங்களையும் செல்போனிலேயே பார்க்கலாம். கட்டணம் வாங்காமல் உதவித்தொகை கொடுத்து இரண்டு வருடம் கற்பிக்கும் ஸோஹோ பள்ளி நம் தென்காசிப் பக்கத்திலேயே இருக்கிறது. நூறு மணி நேரம் தனியாகப் பழகிய பிறகும் ஆசை குறையவில்லை என்றால், அப்போது பணம் கட்டுவதைப் பற்றி யோசிக்கலாம்.

முடிவாக

நான் தொழில் மாறிவிட்டேனா? இல்லை. திரும்பி வந்து மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் வகுப்பில் உங்களோடுதான் உட்கார்ந்திருக்கிறேன். முன்பு அளவியல் பாடத்தில் டாலரன்ஸ் அட்டவணையைப் பார்த்தால் தூக்கம் வரும். இப்போது வருவதில்லை. எங்கள் ஊரில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒரு மாமாவுக்கு ஒரு சிறிய புரோகிராம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். 25 மி.மீ. ஷாப்ட், சிறிய எழுத்து எச்7 டாலரன்ஸ், அதாவது 24.979-க்கும் 25.000-க்கும் இடையில் இருக்க வேண்டும். மைக்ரோமீட்டரில் பார்த்த அளவை அடித்தால், தாண்டிய பீஸைச் சிவப்பில் காட்டும். பெரிதாக இருந்தால் 'மறுபடி கடை', சிறிதாக இருந்தால் 'கழி' என்று தமிழில் சொல்லும். எண்ணாக மாற்றிவிட்டுத்தான் ஒப்பிடுகிறது. 2422-ஐ நான் மறக்கவில்லை!

அதற்கு அவர் 3,000 ரூபாய் கொடுத்தார். அம்மாவின் தோடு இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது. அந்தப் பணத்தில் வட்டியைக் கட்டி, அசலிலும் கொஞ்சம் குறைத்திருக்கிறேன். பக்கத்துப் பட்டறைக்காரர் ஒருவரும் இப்போது கேட்டிருக்கிறார். டிப்ளமோ முடிவதற்குள் தோட்டைத் திருப்பிவிட வேண்டும் என்பது என் கணக்கு.

தோழர்களே! கோடிங் கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் லேத்தை விட்டு ஓடுவதற்காகக் கற்காதீர்கள். சிவில் நண்பன் சிமெண்டோடும், எலக்ட்ரிகல் நண்பன் ஒயரோடும், நான் தறியோடும் லேத்தோடும் அந்தப் பக்கம் போவோம். அப்போதுதான் அங்கே 2422 என்று வந்து நிற்கும்போது, அது நடக்காத எண் என்று சொல்ல ஓர் ஆள் இருப்பான்.



மூன்றாம் ஆண்டு மாணவன்,
இயந்திரவியல் துறை.